அம்புகளால் புலம் வரைதல்

தளமொன்றின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் மட்டும் உரியதாக இருந்தால் அது ஸ்கேலர் புலம் எனப்படும்; வெப்பநிலையும் காற்றழுத்தமும் அத்தகையவை. எண்ணோடு திசையும் சேர்ந்துவிட்டால் அது வெக்டர் புலமாகிறது. காற்று, கடல்நீரோட்டம், மின்புலம், காந்தப்புலம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஸ்கேலர் புலத்தைத் தாளில் காட்ட நிறங்களோ சமமதிப்புக் கோடுகளோ போதும். வெக்டர் புலத்திலோ ஒரே புள்ளியில் எண்மதிப்பு, திசை என இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டியிருப்பதால், நீளத்தால் முதலாவதையும் சாய்வால் இரண்டாவதையும் உணர்த்தும் அம்பு அதற்கு இயல்பான குறியீடாக அமைந்தது.

எளிய குறியீடாகத் தோன்றினாலும் அம்பு ஒரே நேரத்தில் இரண்டு வெளிகளில் நிற்கிறது. அதன் அடிப்புள்ளி இடத்தைக் குறிப்பது. அந்த இடம் மீட்டரிலோ, அட்ச தீர்க்கப் பாகைகளிலோ அளக்கப்படுகிறது. அதன் உடல் குறிப்பது வேகத்தையோ விசையையோ ஆகும்; அதற்கு வேறு அலகு. வினாடிக்கு 10 மீட்டர் என்னும் காற்று வேகம் தாளில் எத்தனை சென்டிமீட்டர் நீளத்துக்குச் சமம் என்ற கேள்விக்கு இயற்கையில் விடை கிடையாது. வரைபவரே ஒரு விகிதத்தை முடிவு செய்தாக வேண்டும். அவர் முடிவு செய்யாவிட்டால் நிரல் தானாகவே ஒன்றை முடிவு செய்துகொள்ளும், அதை அறிவிக்கவும் செய்யாது. அம்புப் படங்களில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வெளிகளையும் ஒன்றெனக் கொள்வதாலேயே வருகின்றன என்பதை இவ்வியலின் எடுத்துக்காட்டுகள் காட்டும்.

கணினிக்கு மிக முன்பே இச்சிக்கல் தோன்றிவிட்டது. எட்மண்ட் ஹாலி 1686-இல் வெளியிட்ட வணிகக்காற்று, பருவக்காற்று வரைபடத்தில் கடற்பரப்பெங்கும் சிறு கோடுகளை இட்டார். ஒவ்வொரு கோட்டின் கூரிய முனையும் காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திக்கை நோக்கியிருந்தது. அதாவது இன்றைய அம்பின் வழக்கத்துக்கு நேர்மாறானது. பருவத்துக்குப் பருவம் காற்று திசைமாறும் இந்தியப் பெருங்கடலில் அவர் கோட்டு வரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராக வைத்தார். எத்திசை முன்பக்கம், எவ்வளவு நெருக்கம், மாறும் காற்றை எப்படிக் காட்டுவது என்னும் மூன்று முடிவுகளையும் அவர் தாமே எடுத்து, வாசகருக்கு விளக்கமாகச் சொல்லியும் வைத்தார். இன்று நிரல் எழுதுபவர் எடுக்க வேண்டியவையும் ஏறத்தாழ அவையே.

கருவியும் வலையும்

இவ்வியலில் பயன்படும் மொழி பைத்தான். குய்டோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட இந்த மொழி, வரிவரியாக எழுதி உடனுக்குடன் ஓட்டிப் பார்க்கத்தக்க ஸ்கிரிப்ட் மொழிகளுள் ஒன்று. எண்களின் அணிகளை ஒட்டுமொத்தமாகக் கையாள நம்பை என்னும் நிரலகமும், படம் வரைய மேட்பிளாட்லிப் என்னும் நிரலகமும் அதனுடன் சேர்கின்றன. பின்னதை நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹன்டர் உருவாக்கி 2003-இல் வெளியிட்டார். மேட்லேப் மென்பொருளின் கட்டளைப் பாணியை அவர் வேண்டுமென்றே பின்பற்றியதால், அம்பறாத்தூணி என்று பொருள்படும் ‘குவிவர்’ என்ற கட்டளைப் பெயரும் அங்கிருந்தே வந்தது. ஆக்டேவிலும் அதே பெயரில் அதே கட்டளை உண்டு. குனூபிளாட் பயன்படுத்துவோர் ‘வித் வெக்டர்ஸ்’ என எழுதுவார்கள். கட்டளை மாறினாலும் கீழே சொல்லப்படும் முடிவுகள் மாறுவதில்லை. கட்டளைகளும் மாறிகளும் கணினியில் உரோம எழுத்தில் தட்டச்சு செய்யப்பட வேண்டியவை. இங்கே அவற்றின் ஒலிப்பு தமிழில் தரப்படுகிறது.

தொடர்ச்சியான புலத்தின் எல்லாப் புள்ளிகளிலும் அம்பு வரைய இயலாது என்பதால், முதலில் தளத்தின்மீது ஒரு வலையை விரித்து, வலையின் முடிச்சுகளில் மட்டும் புலத்தைக் கணிக்க வேண்டும். நம்பையின் ‘லின்ஸ்பேஸ்’ கட்டளை இரண்டு எல்லைகளுக்கிடையே சம இடைவெளியில் எண்களைத் தருகிறது. எக்ஸ் அச்சில் −2 முதல் 2 வரை 21 எண்களும், ஒய் அச்சில் −2 முதல் 2 வரை 15 எண்களும் உருவாக்கப்படுகின்றன என்க. ‘மெஷ்கிரிட்’ கட்டளை இவ்விரண்டையும் வாங்கிக்கொண்டு 15 வரிசையும் 21 நெடுவரிசையும் உடைய இரண்டு அணிகளைத் திருப்பித் தருகிறது. ஒன்றில் ஒவ்வொரு முடிச்சின் எக்ஸ் மதிப்பும் மற்றதில் அதன் ஒய் மதிப்பும் இருக்கும். புலத்தின் கிடைக்கூறு யூ எனவும் செங்குத்துக்கூறு வி எனவும் வழங்கும் மரபுப்படி, யூ = −ஒய், வி = எக்ஸ் என்று இரண்டு வரிகள் எழுதிவிட்டால் ஆதியைச் சுற்றிச் சுழலும் புலம் கிடைத்துவிடுகிறது. இறுதியாக ‘பிஎல்டி.குவிவர்(எக்ஸ், ஒய், யூ, வி)’ என்னும் ஒரே வரி படத்தை வரைகிறது (‘பிஎல்டி’ என்பது மேட்பிளாட்லிப்பின் வரைபகுதிக்கு நிரலில் இடும் சுருக்கப்பெயர்).

படத்தைச் சரிபார்க்க ஒரே ஒரு புள்ளி போதும். (1, 0) என்ற இடத்தில் புலத்தின் மதிப்பு (0, 1); ஆகவே ஆதிக்கு வலப்புறத்தில் உள்ள அம்பு மேல்நோக்கி நிற்க வேண்டும், முழுப்புலமும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல வேண்டும். ஆதியில் புலம் சுழி என்பதால் அங்கே அம்புக்குப் பதிலாகச் சிறு புள்ளி ஒன்று தென்படும். அது கறையோ பிழையோ அன்று. குறிப்பிட்ட அளவுக்குக் கீழ்ப்பட்ட அம்புகளை மேட்பிளாட்லிப் சிறிய அறுகோணமாக வரைகிறது.

21, 15 என இரண்டு வேறு எண்கள் மேலே எடுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. நம்பையின் அணியில் முதல் சுட்டு வரிசையைக் குறிப்பதால் அது ஒய் அச்சுக்கு உரியது. கணிதத்தில் எக்ஸ் முதலில் எழுதப்படும் பழக்கத்தால் பலர் இதை மாற்றி அமைத்துவிடுகிறார்கள். ‘எம்கிரிட்’ என்ற கட்டளையும், ‘இண்டெக்சிங்’ என்ற தேர்வை ‘ஐஜே’ என வைத்த மெஷ்கிரிட்டும் எதிர்வரிசையிலேயே அணிகளைத் தருகின்றன. அச்சு எண்களை ஒருபக்கமும் இடம்மாறிய யூ, வி அணிகளை மறுபக்கமும் குவிவரிடம் கொடுத்தால், இரு அச்சிலும் புள்ளிகளின் எண்ணிக்கை சமமாக இருக்கும்போது நிரல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஒரு படத்தை வரைந்துவிடும். சுழல்புலத்தில் அப்படி நேர்ந்தால் கிடைப்பது (−எக்ஸ், ஒய்) என்னும் புலம், அதாவது இடவலமாக உள்ளே பாய்ந்து மேலும் கீழுமாக வெளியேறும் சேணப்புலம். பார்வைக்கு அழகாகவும் நம்பத்தக்கதாகவும் இருக்கும் அந்தப் படத்தில் சுழற்சியே இராது. எண்ணிக்கைகள் வேறுபட்டிருந்தால் நிரல் அளவு பொருந்தவில்லை என்று நின்றுவிடும்; நிரலை எழுதும் கட்டத்தில் சதுர வலையைத் தவிர்ப்பது நல்லது என்பது இதனால்தான்.

நீளத்தின் விகிதம்

மேற்கண்ட ஒற்றை வரியில் அம்பின் நீளத்தைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. ஆயினும் அம்புகள் ஒன்றையொன்று மோதாமல் கண்ணுக்கு இதமான அளவில் அமைந்திருக்கும். அம்புகள் அனைத்தின் சராசரி எண்மதிப்பையும் அவற்றின் எண்ணிக்கையையும் கொண்டு நிரல் தானே ஒரு விகிதத்தைக் கணித்துக்கொள்வதே அதற்குக் காரணம். தனிப்படம் ஒன்றுக்கு இந்த வசதி பயனுள்ளது. இரண்டு படங்களை அருகருகே வைத்து ஒப்பிடும்போது அதுவே பெருந்தீங்காகிறது. அரபிக்கடலின் ஜூலை மாதக் காற்றையும் ஜனவரி மாதக் காற்றையும் ஒரே நிரலால் வரைந்தால், ஜூலைக் காற்று மிக வலியது என்ற உண்மை மறைந்து, இரண்டு படங்களிலும் அம்புகள் ஏறத்தாழ ஒரே நீளத்தில் தோன்றும். ஒவ்வொரு படமும் தன் சராசரியைக் கொண்டே தன்னை அளந்துகொண்டிருப்பதால், வாசகர் காண்பது காற்றின் வலிமையை அன்று, நிரலின் சமரசத்தை.

இதற்குத் தீர்வு ‘ஸ்கேல்’, ‘ஸ்கேல்_யூனிட்ஸ்’ என்னும் இரண்டு தேர்வுகளையும் வெளிப்படையாக எழுதுவது. ஸ்கேல் என்பது ஓர் அலகு நீளத்துக்குள் எவ்வளவு வேகம் அடங்க வேண்டும் என்பதைச் சொல்லும் எண்; எனவே அது பெருகப் பெருக அம்பு குறுகும். பெருக்கும் எண் என்று எண்ணிக்கொண்டு அதைக் கூட்டிப் பார்ப்பவர்கள், அம்பு சுருங்குவதைக் கண்டு திகைப்பது வழக்கம். ஸ்கேல்_யூனிட்ஸ் ‘இன்சஸ்’ எனவும் ஸ்கேல் 10 எனவும் இருந்தால் வினாடிக்கு 10 மீட்டர் வேகமுள்ள காற்று தாளில் சரியாக ஓர் அங்குல நீளம் பெறும். ஆண்டின் பன்னிரண்டு மாதப் படங்களுக்கும் இதையே வைத்தால் அவை ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். ‘குவிவர்கீ’ என்னும் துணைக்கட்டளை, படத்தின் ஓரத்தில் மாதிரி அம்பு ஒன்றை வரைந்து அதன் மதிப்பை எழுதுகிறது. மாதிரி அம்பு இல்லாத அம்புப் படம் அளவுகோல் இல்லாத நிலப்படத்துக்கு ஒப்பானது. திசையை மட்டும் சொல்லி எண்மதிப்பைப் பற்றிய பாதிச் செய்தியை விழுங்கிவிடுகிறது.

அம்பின் நீளமும் இடமும் உண்மையிலேயே ஒரே அலகில் இருக்கும் தருணமும் ஒன்று உண்டு. ஒரு பொருள் வளைந்தபின் அதன் ஒவ்வொரு புள்ளியும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்டும் இடப்பெயர்ச்சிப் படத்தில் அடியும் முனையும் மீட்டரிலேயே அளக்கப்படுகின்றன. அங்கே ‘ஆங்கிள்ஸ்’, ‘ஸ்கேல்_யூனிட்ஸ்’ இரண்டையும் ‘எக்ஸ்ஒய்’ என்றும் ஸ்கேலை 1 என்றும் வைத்தால் அம்பின் முனை, புள்ளி சென்றடைந்த இடத்தையே தொடும். ஆனால் நிலநடுக்கத்துக்குப் பின் நிலம் நகர்ந்ததைக் காட்டும் படங்களில் இம்முறை பயன்படாது. நகர்வு சில மீட்டராகவும் நிலப்பரப்பு பல நூறு கிலோமீட்டராகவும் இருப்பதால் உண்மை அளவில் அம்பு கண்ணுக்கே தெரியாது. அலகு ஒன்றாக இருந்தும் மிகைப்படுத்தல் தேவைப்படுகிறது. மிகைப்படுத்தினால் மாதிரி அம்பும் தேவைப்படுகிறது.

அம்பை எந்த இடத்தில் ஊன்றுவது என்பது ‘பிவட்’ என்னும் தேர்வால் அமைகிறது. தானாக எடுத்துக்கொள்ளப்படுவது ‘டெயில்’, அதாவது அம்பின் வால் முடிச்சின்மேல் நிற்கும். நீண்ட அம்புகள் நிறைந்த படத்தில் இது புலம் முழுவதையும் காற்றுப்போக்கில் அரை அம்பு தள்ளி வைத்ததுபோல் காட்டுவதால், காற்று, நீரோட்டப் படங்களுக்கு ‘மிட்’ பொருத்தமானது. படத்தின் எல்லைகளை நிரல் கணிக்கும்போது அம்பின் அடிப்புள்ளிகளை மட்டுமே கருதுகிறது, உடலைக் கருதுவதில்லை. ஓரத்து அம்புகள் வெட்டுண்டு போனால் எல்லைகளைக் கையால் அகட்டி வைக்க வேண்டும்.

திசை யாருடையது

நீளத்தில் உள்ள அதே இரட்டைத்தன்மை திசையிலும் உண்டு, அது இன்னும் நுட்பமாக ஒளிந்திருக்கிறது. யூவும் வியும் சமமாக இருந்தால் அம்பு 45 பாகை சாய்ந்து நிற்க வேண்டும்; அந்த 45 பாகை தாளின்மேல் அளக்கப்படுவதா, அச்சுகளின் அளவையில் அளக்கப்படுவதா? அச்சுகள் இரண்டும் ஒரே அளவில் இருந்தால் இரண்டும் ஒன்றே. இல்லாவிட்டால் விடைகள் பிரிகின்றன. மேட்பிளாட்லிப் தானாக எடுத்துக்கொள்வது ‘யூவி’ என்னும் முதல் பொருளை. ‘ஆங்கிள்ஸ்’ தேர்வை ‘எக்ஸ்ஒய்’ என மாற்றினால் இரண்டாவது பொருள் கிடைக்கும்.

தனி ஊசலின் நிலைத்தளம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கிடை அச்சில் ஊசலின் கோணமும் செங்குத்து அச்சில் அதன் கோணவேகமும் வைக்கப்படும்போது, அலகுகளை ஏற்றவாறு தெரிந்துகொண்டால், புலத்தின் கிடைக்கூறு கோணவேகமாகவும் செங்குத்துக்கூறு கோணத்தின் சைன் மதிப்பின் எதிர்மறையாகவும் அமைகின்றன. கோணம் சுழியாக உள்ள இடத்தைச் சுற்றி அம்புகள் சுழலும். ஊசல் தலைகீழாக நிற்கும் இடமாகிய பை மதிப்பில் சேணம் தோன்றும். கிடை அச்சு −2 பை முதல் 2 பை வரையிலும் செங்குத்து அச்சு −3 முதல் 3 வரையிலும் நீள்வதால் சதுரத் தாளில் இரண்டின் அளவும் ஒன்றாக இராது. இப்போது ஊசலின் உண்மையான இயக்கப் பாதையை அதே படத்தின்மேல் ஒரு கோடாக வரைந்தால், யூவி முறை அம்புகள் அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டி நிற்கும். எக்ஸ்ஒய் முறை அம்புகளோ கோட்டைத் தொட்டு அதன் போக்கிலேயே செல்லும். ஆல்ஃபிரட் லோட்கா 1925-இலும் விட்டோ வோல்டெரா 1926-இலும் தனித்தனியே அமைத்த இரை–வேட்டையாடி மாதிரிக்கும் இதுவே பொருந்தும். பாதைக்குத் தொடுகோடாக அம்பு நிற்க வேண்டிய இடங்களிலெல்லாம் எக்ஸ்ஒய், திசைகாட்டியின் திசையைக் காட்ட வேண்டிய இடங்களில் யூவி என்று வைத்துக்கொள்வது போதுமானது.

நிழற்படத்தின்மேல் அம்பு வரைவோருக்கு இதில் தனி எச்சரிக்கை உண்டு. காணொளியின் அடுத்தடுத்த சட்டகங்களிலிருந்து கணித்த நகர்வைப் படத்தின்மேல் காட்டும்போது, ‘இம்ஷோ’ கட்டளை முதல் வரிசையை மேலே வைப்பதால் ஒய் அச்சு கீழ்நோக்கிப் பெருகுகிறது. கீழ்நோக்கிய நகர்வு நேர்மறை எண்ணாகப் பதிவாகியிருக்கும். யூவி முறையோ நேர்மறை எண்ணைத் தாளில் மேல்நோக்கி வரையும். விழும் பந்துக்கு ஏறும் அம்பு கிடைப்பது இப்படித்தான். இங்கும் எக்ஸ்ஒய் முறையே சரி.

இரண்டு மின்னூட்டங்கள்

எண்மதிப்பு இடத்துக்கு இடம் பன்மடங்கு மாறும் புலங்களில் நீளம் என்ற கருவியே தோற்றுப்போகிறது. (−1, 0) என்ற இடத்தில் ஒரு நேர்மின்னூட்டமும் (1, 0) என்ற இடத்தில் அதற்குச் சமமான எதிர்மின்னூட்டமும் உள்ளன எனக் கொண்டு, அவற்றின் வழியாகச் செல்லும் தளத்தில் மின்புலத்தை வரைய வேண்டும் என்க. ஒவ்வொரு மின்னூட்டத்தின் பங்கும் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 0.1 அலகு தொலைவில் ஒரு மின்னூட்டம் தரும் புலம் 2 அலகு தொலைவில் தருவதைப்போல 400 மடங்கு. பெரிய அம்பை 4 சென்டிமீட்டருக்குள் அடக்கினால் சிறியதற்குக் கிடைப்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. படத்தில் மிஞ்சுவன மின்னூட்டங்களின் அருகே ஓரிரு பெரிய ஈட்டிகளும் எஞ்சிய இடமெங்கும் புள்ளிகளுமே.

முதலில் கவனிக்க வேண்டியது மின்னூட்டம் உள்ள இடமே வலையின் முடிச்சாகிவிடக் கூடாது என்பது; அங்கே தொலைவு சுழியாகி வகுத்தல் பொருளற்றுப்போகும். −3 முதல் 3 வரை 24 புள்ளிகள் எடுத்தால் எந்த முடிச்சும் மின்னூட்டத்தின்மேல் விழுவதில்லை. அதற்குமேலும், மின்னூட்டத்தைச் சுற்றி ஒரு சிறு வட்டத்துக்குள் உள்ள மதிப்புகளை மறைத்துவிடுவது நல்லது. நம்பையின் முகமூடி அணியில் மறைக்கப்பட்ட இடங்களுக்கு குவிவர் அம்பு வரைவதில்லை. அவ்வட்டத்தில் மின்னூட்டத்தின் குறியை இடலாம்.

அடுத்து நீளத்திடமிருந்து எண்மதிப்பைக் காட்டும் வேலையை எடுத்து நிறத்திடம் ஒப்படைக்க வேண்டும். ‘ஹைபாட்’ என்னும் கட்டளை யூ, வி இரண்டிலிருந்தும் எண்மதிப்பைக் கணித்துத் தருகிறது. அதனால் இரண்டு கூறுகளையும் வகுத்தால் எல்லா அம்புகளும் ஒரே நீளம் பெற்றுத் திசையை மட்டும் சொல்லும். குவிவரின் ஐந்தாம் இடத்தில் எண்மதிப்பு அணியைக் கொடுத்தால் அதற்கேற்ப ஒவ்வோர் அம்பும் நிறம் பெறும். நானூறு மடங்கு வேறுபாட்டை நேர்விகித நிற அளவுகோலால் காட்ட முடியாததால், ‘லாக்நார்ம்’ என்னும் மடக்கை அளவுகோலைப் பயன்படுத்துவது இங்கே கட்டாயம் எனலாம். சிலர் நிறத்தை விடுத்து நீளத்தையே மடக்கையாக மாற்றுவதுண்டு. அது தவறன்று, ஆனால் இருமடங்கு நீளமான அம்பு இருமடங்கு வலியது என்று எண்ணும் வாசகரின் கண்ணோடு அது ஓயாமல் சண்டையிடுகிறது. நிறத்துக்கு அத்தகைய முன்எதிர்பார்ப்பு குறைவு.

நிறத்தைத் தேர்வதிலும் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. 2017-இல் வந்த 2.0 பதிப்பு முதல் மேட்பிளாட்லிப்பின் இயல்பு நிறவரிசை ‘விரிடிஸ்’. கருஊதாவில் தொடங்கிப் பச்சை வழியாக மஞ்சளில் முடியும் அது, அதற்கு முன்பிருந்த வானவில் போன்ற ‘ஜெட்’ வரிசையைவிட எல்லாவகையிலும் மேலானது, நிறக்குருடு உடையோருக்கும் ஏற்றது, கறுப்பு வெள்ளை அச்சிலும் வரிசை குலையாதது. ஆயினும் பரப்பை நிரப்ப வகுக்கப்பட்ட வரிசை அது. வெள்ளைத் தாளில் மெல்லிய மஞ்சள் அம்பு மறைந்துவிடுகிறது. மிக வலிய புலமே கண்ணுக்குத் தெரியாமல் போவது விந்தையான விளைவு. நிறவரிசையின் மஞ்சள் முனையைக் கத்தரித்துவிடலாம். அதைவிடச் சிறந்தது, ‘பிகலர்மெஷ்’ கட்டளையால் எண்மதிப்பைப் பின்னணி நிறமாக விரித்து, அதன்மேல் ஒரே நிற அம்புகளைத் திசைக்காக மட்டும் வரைவது.

அரபிக்கடலின் ஜூலைக் காற்று

சூத்திரத்திலிருந்து வரும் புலத்தைவிட அளவீட்டிலிருந்து வரும் புலம் கடினமானது; எத்தனை முடிச்சுகள் என்பதை அங்கே வரைபவர் தீர்மானிப்பதில்லை, தரவே தீர்மானிக்கிறது. ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்னறிவிப்பு மையம் உருவாக்கிய ‘ஈஆர்ஏ5’ என்னும் மறுபகுப்பாய்வுத் தரவு, 1940 முதல் மணிக்கொருமுறை உலகெங்கும் கால் பாகை இடைவெளியில் கிடைக்கிறது. மறுபகுப்பாய்வு என்பது பழைய அளவீடுகளை இன்றைய வானிலை மாதிரி ஒன்றுக்குள் செலுத்தி, இடைவெளியற்ற வலையாகப் பெறும் முறை. தீர்க்கரேகை கிழக்கு 40 முதல் 100 வரையிலும், அட்சரேகை தெற்கு 10 முதல் வடக்கு 30 வரையிலும் வெட்டியெடுத்தால் 241 நெடுவரிசை, 161 வரிசை, ஆக 38,801 முடிச்சுகள். அத்தனையிலும் அம்பு வரைந்தால் கிடைப்பது கறுத்த தாள்.

பன்னிரண்டுக்கு ஒன்று என எடுத்தால், அதாவது அணியின் சுட்டில் ‘::12’ என இரு திசையிலும் எழுதினால், 21 நெடுவரிசையும் 14 வரிசையுமாக 294 அம்புகள் மிஞ்சும். புத்தகப் பக்கத்துக்கு இது ஏற்ற நெருக்கம். சோமாலியக் கரையோரம் நிலநடுக்கோட்டைக் கடந்து வடகிழக்காக வளைந்து இந்தியாவின் மேற்குக் கரையை நோக்கிப் பாயும் தென்மேற்குப் பருவக்காற்றின் முழு உருவமும் அதில் தெரிந்துவிடும். தரையிலிருந்து ஏறத்தாழ 1.5 கி.மீ. உயரத்தில் மிக வலுவாக வீசும் அந்த ஓட்டத்தை 1960-களின் இறுதியில் விவரித்த ஜான் ஃபின்ட்லேட்டரின் பெயரால் ஃபின்ட்லேட்டர் தாரை என்றும் அதை அழைப்பார்கள்.

ஆனால் இரு திசையிலும் பன்னிரண்டில் பதினொன்றைக் கைவிடும்போது எது போகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலமே உள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவை, உடுமலைப் பகுதிகளுக்குள் காற்று பாய்வதும், அங்கே காற்றாலைகள் நிறைந்திருப்பதும் அறிந்ததே. கால் பாகை என்பது ஏறத்தாழ 28 கி.மீ. என்பதால் மூலத்தரவிலேயே கணவாய்க்கு ஓரிரு முடிச்சுகள்தாம். மூன்று பாகைக்கு ஒன்று என எடுத்தபின் அது படத்தில் இருக்க வாய்ப்பே இல்லை. பருவக்காற்றின் போக்கைச் சொல்லும் படத்துக்கு இது குறையன்று. காற்றாலைக்கு இடம் தேடுபவர் அதே படத்தை நம்பினால் அது பெருங்குறை.

பொறுக்கி எடுப்பதற்கு மாற்று, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டங்களைச் சராசரியாக்குவது. எக்ஸ்அரே நிரலகத்தின் ‘கோர்சன்’ கட்டளை இதைச் செய்யும். 241-உம் 161-உம் பன்னிரண்டால் மீதியின்றி வகுபடாததால், ‘பவுண்டரி’ தேர்வை ‘ட்ரிம்’ என வைக்காவிட்டால் நிரல் நின்றுவிடும், வைத்தால் 20 நெடுவரிசை, 13 வரிசை கிடைக்கும். பொறுக்கிய அம்பு ஓர் இடத்தின் உண்மை. சராசரி அம்பு ஒரு வட்டாரத்தின் உண்மை. இரண்டில் எது வரையப்பட்டது என்பதைப் படத்தின் அடிக்குறிப்பில் எழுத வேண்டும்.

காலத்தில் சராசரி எடுக்கும்போது இதைவிட ஆழமான பொறி காத்திருக்கிறது. ஜூலையில் அரபிக்கடல் காற்று நாள்தோறும் ஏறத்தாழ ஒரே திசையில் வீசுவதால், கூறுகளின் மாதச் சராசரியிலிருந்து வரும் அம்பின் நீளமும் வேகங்களின் சராசரியும் நெருங்கியே இருக்கும். தென்மேற்குக் காற்று தணிந்து வடகிழக்குக் காற்று தலையெடுக்கும் அக்டோபரில், ஒரு நாளின் நேர்மறைக் கூறை மறுநாளின் எதிர்மறைக் கூறு விழுங்கிவிடும். அம்மாதப் படத்தில் குறுகிய அம்பு தோன்றினால் அங்கே காற்று ஓய்ந்திருந்தது என்று பொருளில்லை. திசை நிலைக்கவில்லை என்பதே பொருள். இதனால் மாதச் சராசரிப் படங்களில் பின்னணி நிறத்துக்கு வேகங்களின் சராசரியையும், அம்புக்குக் கூறுகளின் சராசரியையும் எடுத்துக்கொண்டால், அடர்ந்த நிறத்தின்மேல் குறுகிய அம்பு நிற்கும் இடங்கள் தாமே தங்கள் கதையைச் சொல்லிவிடும். இப்படி இருவேறு சராசரிகளை ஒரே படத்தில் சேர்ப்பது அதிகம் காணப்படாத வழக்கம், காணப்பட வேண்டியது.

வானிலை நிலையங்களின் பதிவுகளைக் கையாளுவோர் ஹாலியின் வழக்கத்தை மறுபடி சந்திப்பார்கள். அப்பதிவுகளில் காற்றின் திசை என்பது அது வரும் திசை. வடக்கைச் சுழியாக வைத்து வலஞ்சுழியாக அளக்கப்படுவது. கணிதத்தின் கோணமோ கிழக்கில் தொடங்கி இடஞ்சுழியாகச் செல்வது. வேகத்தைப் பதிவான கோணத்தின் சைனால் பெருக்கி எதிர்மறையாக்கினால் யூவும், கொசைனால் பெருக்கி எதிர்மறையாக்கினால் வியும் கிடைக்கும்; 270 பாகை என்று பதிவான மேல்காற்றுக்கு யூ நேர்மறையாக வருகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. நம்பை கோணங்களை ரேடியனிலேயே எதிர்பார்ப்பதால் முதலில் ‘டெக்டுராட்’ வழியாக மாற்றிக்கொள்ள வேண்டும். கடல்நீரோட்டத்தைப் பதிவு செய்வோர் நீர் செல்லும் திசையைக் குறிப்பார்கள் என்பதால், காற்றையும் நீரோட்டத்தையும் ஒரே படத்தில் சேர்ப்பவர் ஒன்றைத் திருப்ப மறந்தால் கடல் காற்றுக்கு எதிராக ஓடும்.

அம்புக்கு அப்பால்

வானிலையாளர்கள் தங்களுக்குள் அம்பைவிடக் காற்றுச்சிறகு என்னும் குறியீட்டையே விரும்புவார்கள். ஒரு தண்டின் ஓரத்தில் அரைக்கோடு 5 நாட் (மணிக்கு ஒரு கடல்மைல் என்னும் வேக அலகு) வேகத்தையும் முழுக்கோடு 10 நாட்டையும் முக்கோணக் கொடி 50 நாட்டையும் குறிப்பதால் எண்மதிப்பை அளவுகோலின்றிப் படித்துவிட முடிகிறது. ‘பார்ப்ஸ்’ கட்டளை இதை வரையும். அலகை அது தானாக மாற்றித் தராது, வினாடிக்கு மீட்டரில் உள்ள தரவை 1.944 ஆல் பெருக்கியே கொடுக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சிறகுகள் தண்டின் மறுபக்கம் வர வேண்டியதால், மேற்கண்ட அரபிக்கடல் படத்தில் தெற்கு அட்சரேகைகளுக்கு ‘ஃப்ளிப்_பார்ப்’ தேர்வு தேவைப்படும். பொதுவாசகருக்கான நூலில் இக்குறியீடு சுமையாகும்.

சமதூர வலையில் நிற்கும் அம்புகளில் கண் இயல்பாகவே வரிசைகளையும் நெடுவரிசைகளையும் தேடிப் பிடித்துக்கொள்கிறது. புலத்தில் இல்லாத ஒழுங்கு படத்தில் தோன்றிவிடுகிறது. சுழலின் மையம் எங்கே, இரண்டு ஓட்டங்கள் எங்கே பிரிகின்றன என்பதுபோன்ற கேள்விகளுக்கு ஓட்டக்கோடுகள், அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் புலத்துக்குத் தொடுகோடாகச் செல்லும் வளைகோடுகள், தெளிவான விடை தருகின்றன. ‘ஸ்ட்ரீம்பிளாட்’ கட்டளைக்கு அச்சு எண்கள் சம இடைவெளியில் ஏறுவரிசையில் இருந்தாக வேண்டும். ஈஆர்ஏ5 தரவில் அட்சரேகை வடக்கிலிருந்து தெற்காக இறங்குவரிசையில் இருப்பதால், அதை ஏறுவரிசைக்கு மாற்றாமல் கொடுத்தால் நிரல் மறுத்துவிடும். கோடுகளின் நெருக்கத்தை வைத்துப் புலத்தின் வலிமையை ஊகிக்கக் கூடாது. அந்த நெருக்கம் இடத்தை நிரப்பும் பொருட்டு நிரல் வகுத்துக்கொண்டது. வலிமையைக் காட்ட வேண்டுமானால் கோட்டின் தடிப்பை வேகத்துக்கேற்ப மாற்றும் தேர்வைப் பயன்படுத்தலாம்.

உருப்பெற்ற படத்தை அச்சுக்கு அனுப்பும்போது, சில நூறு அம்புகள் வரை உள்ள படங்களைப் பிடிஎஃப் வடிவில் சேமிப்பதே நல்லது; எவ்வளவு பெரிதாக்கினாலும் அம்பின் விளிம்பு கூர்மையாகவே இருக்கும். பின்னணியில் பல்லாயிரம் நிறக்கட்டங்கள் இருந்தால் கோப்பு பருத்துவிடும் என்பதால், அப்பகுதிக்கு மட்டும் ‘ராஸ்டரைஸ்ட்’ என்னும் தேர்வை இட்டு அதைப் புள்ளிப்படமாக்கி, அம்புகளையும் எழுத்துகளையும் வடிவக்கோடுகளாகவே விட்டுவிடலாம். ஸ்கேல்_யூனிட்ஸ் அங்குலத்தில் வைக்கப்பட்ட படத்தை அச்சகத்தார் பாதியாகச் சுருக்கினால் மாதிரி அம்பும் அதனுடன் சேர்ந்தே சுருங்குவதால் அளவு கெடாது; ‘10 மீ/வி = 1 அங்குலம்’ என்று அடிக்குறிப்பில் எழுத்தாக எழுதியிருந்தால் கெடும்.